கரையிலிருந்து கானாங்கெளுத்தி: இறகுக் கோர்வையா, உலோக லூரா, தக்கையா?

படகு இல்லாமல் கரையில் நின்றே கானாங்கெளுத்தி பிடிக்க வேண்டும் என்றால் பெரும்பாலும் மூன்று வழிகள்தான். ஒரே தூண்டில் நரம்பில் நான்கு முதல் ஆறு முட்களை இறகு கட்டித் தொங்கவிடும் கோர்வை ஒன்று. சிறு மீன்போல் மின்னும் செயற்கை இரையான ஒற்றை உலோக லூர் இன்னொன்று. மூன்றாவது, தக்கைக்குக் கீழே இரை மாட்டிய முள். எதில் அதிக மீன் விழும் என்று கேட்டால் பதில் சுலபம்: மீன் கூட்டம் காலடியில் இருக்கும்போது ஆறு முள் ஒரு முள்ளை வென்றுவிடும். ஆனால் அப்படிப்பட்ட நேரத்தில் முள்ளில் வெள்ளித்தாள் சுற்றிப் போட்டாலும் மீன் கடிக்கும். அதை வைத்துத் தேர்வு செய்வதில் அர்த்தமில்லை. கூட்டம் எட்டாத தூரத்தில் போகும் நேரம், ஆழத்தில் ஓடும் நேரம், கண்ணுக்குத் தெரிந்தும் கடிக்காத நேரம் இவற்றில்தான் மூன்றும் வேறுபடுகின்றன. அங்கேதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் மீனைப் பற்றிக் கொஞ்சம். அட்லாண்டிக் கானாங்கெளுத்திக்குக் காற்றுப்பை கிடையாது. நீந்துவதை நிறுத்தினால் கீழே இறங்கிவிடும். செவுள் வழியே நீர் ஓடிக்கொண்டிருக்கவும் அது முன்னால் போய்க்கொண்டே இருந்தாக வேண்டும். காற்றுப்பை இல்லாததில் ஒரு வசதியும் இருக்கிறது: அடியிலிருந்து மேல்மட்டத்துக்கும், மேலிருந்து அடிக்கும் தடையில்லாமல் ஏறி இறங்கலாம். கரையில் நிற்பவருக்கு இதனால் என்ன? கூட்டம் வரும், கடந்து போகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம். இப்போது மேலே துள்ளிய கூட்டம் அடுத்த வீச்சில் பல மீட்டர் கீழே போயிருக்கலாம். ஒரு பாறை இடுக்கில் குடியிருக்கும் மீனுக்கு இரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். இந்த மீனைப் போய்த் தேட வேண்டும். ஆகவே தூரத்தையும் ஆழத்தையும் வேகமாகத் துழாவும் கருவிக்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன். விதிவிலக்குகளை அப்புறம் சொல்கிறேன்.

எந்தக் கானாங்கெளுத்தி என்பதும் முக்கியம். மீன்பிடி அறிவுரைகளில் பெரும்பாலானவை குளிர்ந்த கடல்களின் அட்லாண்டிக் இனத்தை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. அது மிதவை உயிரிகளையும் தின்னும், சிறு மீன்களையும் துரத்தித் தின்னும். அதனால் வேகமாக ஓடும் உலோகத்தின் மேல் பாய்கிறது. வெதுவெதுப்பான இந்தோ பசிபிக் கடல்களில் இருக்கும் இந்தியக் கானாங்கெளுத்தி வேறு மாதிரி. அதன் வாயைத் திறந்து பார்த்தால் செவுள் சல்லடை இறகுபோல நீண்டு உள்ளே தெரியும். வாயை அகலத் திறந்தபடி நீந்தி, நீரிலிருக்கும் நுண்ணுயிரிகளையும் சின்னஞ்சிறு இறால் வகைகளையும் வடிகட்டித் தின்பதுதான் அதன் முக்கிய வேலை. பொதுவாக 25 சென்டிமீட்டர் அளவு. 35 சென்டிமீட்டர் என்றால் மிகப் பெரியது. இதற்கு 30 கிராம் உலோகத்தை எறிந்து வேகமாக இழுத்தால் பெரும்பாலும் அலட்சியம்தான் பதில். சின்ன முள், சின்ன மினுமினுப்பு, மெதுவான அசைவு: அதற்கு வேண்டியது இவைதான். உங்கள் கடலில் எது வருகிறது என்று தெரியாமல் கருவி வாங்கக் கூடாது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இறகுக் கோர்வை

ஒரு நரம்பில் பக்கவாட்டில் குட்டிக் கிளைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் இறகோ மினுங்கும் நாரோ கட்டிய முள், கடைசியில் ஈயம். நீருக்குள் இது ஒரு குட்டி மீன் கூட்டம்போலத் தெரிகிறது. கானாங்கெளுத்தி கூட்டமாக வந்து கூட்டத்தையே தாக்கும் மீன் என்பதால் இந்த ஏமாற்று நன்றாக எடுபடுகிறது. ஜப்பானிலிருந்து பரவிய சபிக்கி இதன் மெல்லிய வடிவம்: முள் மிகச் சிறியது, இறகுக்குப் பதில் மீன் தோல் துண்டோ மின்னும் இழையோ இருக்கும். அட்லாண்டிக் இனத்துக்கு 1/0 அளவு முள் வைத்த இறகுக் கோர்வை போதும். இந்திய இனத்துக்கும் குட்டி மீன்கள் ஓடும் காலத்துக்கும் சபிக்கிதான்.

இதன் பெரிய பலம், ஒரே நேரத்தில் பல ஆழங்களைத் துழாவுவது. ஒன்றரை மீட்டர் நீளக் கோர்வையை ஏற்றி இறக்கும்போது மீன் எந்த மட்டத்தில் ஓடுகிறது என்பது சில வீச்சுகளிலேயே தெரிந்துவிடும். மேல் முள்ளிலேயே திரும்பத் திரும்ப விழுகிறதா, இன்னும் உயர்த்துங்கள். அடி முள்ளில் மட்டும்தானா, இறக்குங்கள். ஆழமான கடற்பாலத்தில் எறியக்கூட வேண்டாம். நேராகக் கீழே விட்டு, தூக்கி, விழவிட்டு, மறுபடி தூக்கினால் போதும். மீன் பெரும்பாலும் கோர்வை கீழே இறங்கும்போதுதான் பிடிக்கும். இறங்க வேண்டிய நரம்பு நடுவழியில் திடீரென்று தொய்ந்துவிட்டால், ஈயம் தரையைத் தொட்டுவிட்டது என்று நினைக்காமல் உடனே சுற்றத் தொடங்குங்கள்.

இரண்டாவது பலம் தூரம். 100 கிராமுக்கு மேல் ஈயம் கட்டி, கடற்கரை ராடு (நீண்ட தூண்டில் கோல்) ஒன்றால் முழுப் பலத்துடன் எறிந்தால் மற்ற இரண்டு முறைகளும் தொட முடியாத இடத்துக்குப் போகும். கூட்டம் வெளியே ஓடும் நாளில் இது ஒன்றுதான் வழி.

இனி குறைகள். அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குபவர்கள் கையில் முதலில் போய்ச் சேர்வது இந்தக் கோர்வைதான்.

கனமான ஈயத்தை எறியும்போது மெல்லிய நரம்பு அறுந்தால் அந்த ஈயம் துப்பாக்கிக் குண்டுக்கு ஒப்பான ஆபத்து. அதனால் மெயின் நரம்புக்கு முன்னால் லீடர் என்னும் தடித்த நரம்புத் துண்டைக் கட்டியாக வேண்டும். பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: ஒவ்வொரு அவுன்ஸ் ஈயத்துக்கும், அதாவது சுமார் 28 கிராமுக்கு, 10 பவுண்டு வலு. 4 அவுன்ஸ் ஈயம் என்றால் 40 பவுண்டு லீடர், அதுவும் ரீலில், அதாவது நரம்பு சுற்றும் உருளையில், சில சுற்று விழும் நீளத்துக்கு. இறகுக் கோர்வையின் நடு நரம்பும் கிளைகளும் அந்த வலுவைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். மலிவான கோர்வைகள் பல மெல்லிய நரம்பில் கட்டப்பட்டவை. அவற்றைச் சிறு ஈயத்தோடு கீழே விடலாமே தவிர எறியக் கூடாது.

அடுத்து முட்கள். ஆறு முள் கொண்ட கோர்வையில் மூன்று மீன் துள்ளும்போது மீதி மூன்று முட்கள் காற்றில் ஆடும். கையில் முள் ஏறுவது அநேகமாக இந்த நேரத்தில்தான். குழந்தைகள் நெருங்கி நிற்கும் இடத்தில் இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். கோர்வை அடியைத் தொடும்படி விட்டால் வேறு மீன்களும் வரும். வீவர், தேள்மீன் போல முதுகு முள்ளில் விஷம் உள்ளவையும் அதில் அடக்கம். என்ன மீன் என்று தெரியாமல் கையால் பிடிக்காதீர்கள், நீள இடுக்கி வைத்திருங்கள்.

சிக்கலும் உண்டு. கானாங்கெளுத்தி சுழன்று சுழன்று ஓடும். நான்கு மீன் ஒரே நரம்பில் நான்கு திசைக்கு இழுத்தால் கோர்வை வலைபோலப் பின்னிக்கொள்ளும். கூட்டம் இருக்கும் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் முடிச்சு அவிழ்ப்பதில் போனால் ஆறு முள்ளின் லாபம் எங்கே? இந்த மீனுக்கு வாய் மென்மையானது வேறு. பாலத்தின் மேலிருந்து நான்கு மீனை ஒன்றாகத் தூக்கினால் பாதி வழியில் வாய் கிழிந்து இரண்டு விழுந்துவிடும். வாய் கிழிந்த மீன் தப்பிப் பிழைக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆகவே கோர்வைதான் வேண்டும் என்றால் கத்தரிக்கோலை எடுத்துப் பாதியாக வெட்டுங்கள். மூன்று முள் போதும். வீச்சு சீராகப் போகும், சிக்கல் குறையும், ஒரு கோர்வையின் விலையில் இரண்டு கிடைக்கும். சில இடங்களில் ஒரு நரம்பில் எத்தனை முள் இருக்கலாம் என்று விதியே உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உலோக லூர்

7 முதல் 9 அடி ராடு, 3000 அல்லது 4000 அளவு ரீல், 10 முதல் 15 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), முன்னால் ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் (நீரில் எளிதில் தெரியாத நரம்பு) லீடர், 20 முதல் 40 கிராம் எடையில் ஒடுங்கிய வெள்ளி நிற லூர். அவ்வளவுதான். நாள் முழுக்க எறிந்தாலும் தோள் வலிக்காது. கடற்கரை ராடின் கனத்தில் உணர முடியாத சின்னத் தட்டலும் இதில் கையில் தெரியும். கானாங்கெளுத்தி தன் உடல் அளவுக்கு மீறிய வேகத்தில் இழுக்கும் மீன். 100 கிராம் ஈயத்தைக் கட்டிவிட்டால் அந்தச் சண்டையே தெரியாது. மீன் வந்தால் போதும் என்பவருக்கு இது பொருட்டில்லை. எனக்கு இது பாதிக் காரணம்.

ஆழத்தைத் துழாவ எண்ணிக்கைதான் வழி. லூர் நீரில் விழுந்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கி, முதல் வீச்சில் மூன்றில் சுற்றுங்கள், அடுத்ததில் ஆறு, அதற்கடுத்து பத்து. எந்த எண்ணில் தட்டியதோ அதே எண்ணுக்குத் திரும்புங்கள். கோர்வை ஓரிரு வீச்சில் சொல்வதை லூர் மூன்று நான்கு வீச்சில் சொல்கிறது. ஆனால் மீனைக் கழற்றி மறுபடி எறிய அரை நிமிடம்கூட ஆகாது. ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடுகிறது.

வேகமாகச் சுற்றினால் மீன் எட்டிப் பிடிக்காதோ என்ற பயம் வேண்டாம். அட்லாண்டிக் கானாங்கெளுத்தி வெடித்துப் பாயும் வேகம் விநாடிக்கு 5 மீட்டருக்கு மேல் என்று அளந்திருக்கிறார்கள். கையால் சுற்றி அந்த வேகத்தை எட்டுவது கடினம். சீராகச் சுற்றுவதைவிட இடையிடையே நிறுத்தி லூரைச் சற்று விழவிடுவது நல்லது. காயம்பட்ட சிறு மீன் தள்ளாடுவதுபோல இருக்கும், பல கடிகள் அந்த நிறுத்தத்தில்தான் வரும். லூரோடு வரும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டுங்கள். கழற்றுவது எளிது, சிறிய மீனைத் திருப்பி விடும்போது காயமும் குறைவு.

குறை என்ன? எதிர்காற்றில் 20 கிராம் லூர் கண்ணெதிரே விழும். பாறை அடியில் சிக்கினால் போனது போனதுதான், லூர் ஈயத்தைவிட விலை அதிகம். முன்னே சொன்னபடி மிதவை உயிரிகளை மட்டும் தின்றுகொண்டிருக்கும் கூட்டம் லூரைத் திரும்பியும் பார்க்காது. நீரின் மேல் மீன் புரள்வது தெரிகிறது, எறிந்தால் கடியே இல்லை என்றால் காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். அப்போது லூருக்கு அரை மீட்டர் மேலே ஒரு சபிக்கி முள்ளைக் கிளையாகக் கட்டிப் பாருங்கள். லூர் எடைக்கும் தூரத்துக்கும், குட்டி முள் மீனுக்கு. இரண்டு முறைகளின் நல்லதும் இதில் சேர்ந்து வருகிறது. ஒரே ஏற்பாடு சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

தக்கை

நகரும் தக்கை, நரம்பில் ஆழத்தைக் குறிக்க ஒரு முடிச்சு, சிறு ஈயம், முள்ளில் மீன் சதைக் கீற்று. கீற்று ஒல்லியாக, சிறு விரல் நீளத்தில் இருக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் முள் ஏற்றினால் நீரில் நெளியும். பிடித்த முதல் கானாங்கெளுத்தியின் வெள்ளை வயிற்றுப் பகுதியே மிகச் சிறந்த இரை. இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் தொடங்கி, கடி இல்லையென்றால் முடிச்சை நகர்த்தி இறக்கிக்கொண்டே போகலாம்.

இது தேடாத முறை. அதனால் மீனை வரவழைக்கத் தெரிய வேண்டும். மீன் கழிவை அரைத்து ரொட்டித் தூளோடு பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக, விடாமல் தூவினால் கடந்து போகும் கூட்டம் கொஞ்ச நேரம் சுற்றி வரும். கொட்டினால் மீன் வயிறு நிறைந்து போய்விடும், நிறுத்தினால் கூட்டமும் போய்விடும். நீரோட்டம் பலமாக ஓடும் இடத்தில் இதெல்லாம் வீண்; தூவியது ஒரு பக்கம், தக்கை ஒரு பக்கம். துறைமுகச் சுவரின் உட்பக்கம்போல நீர் அடங்கிய ஆழமான இடமே இதற்கு ஏற்றது.

அங்கே குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் கேள்வியே இல்லை, தக்கைதான். ஒரே முள், எறிவது குறைவு, தக்கை அமிழ்வதைப் பார்ப்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். வெயில் ஏறித் தண்ணீர் தெளிந்து மீன் உலோகத்தைக் கண்டு விலகும் நடுப்பகலிலும் அசல் இரை கை கொடுக்கும். தனியாக, சுறுசுறுப்பாக மீன் தேடுபவருக்கு இது சலிப்பாகிவிடும்.

ஈப்போலி முள் எறியும் ஃபிளை முறையும் இருக்கிறது. பழகியவருக்கு அருமை, கானாங்கெளுத்தி பிடிப்பதற்காக மட்டும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

இடம்தான் பாதி முடிவை எடுக்கிறது

மூன்றில் எதை வைத்திருந்தாலும் ஆழமில்லாத, சரிவில்லாத மணல் கரையில் நின்றால் நேரம்தான் வீணாகும். காலுக்கு அருகிலேயே ஆழம் இருக்கும் இடம் வேண்டும்: கடற்பாலம், அலைத்தடுப்புச் சுவர், பாறை முனை, செங்குத்தாக இறங்கும் கூழாங்கல் கரை.

கடற்பாலத்தில் ஆள் நெருக்கம். நீரும் ஆழம். நேராகக் கீழே விடும் மூன்று முள் கோர்வை இங்கே மற்ற இரண்டையும் மிஞ்சும், பக்கத்து ஆளின் தலைக்கு மேல் எறியும் வேலையும் இல்லை. பாலம் உயரமாக இருந்தால் கயிற்றில் இறக்கும் வளைய வலை எடுத்துப் போங்கள். பாறை முனையில் ஒற்றை லூர்தான்: ஈரப் பாறையில் நிற்கும்போது உடலை முறுக்கி 100 கிராம் எறிவது விழுவதற்கான வழி, காற்றிலாடும் முட்களும் அங்கே வேண்டாம். மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், நிற்கப்போகும் பாறையை ஒரு பதினைந்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள், பெரிய அலை அதை நனைக்கிறதா என்று தெரிந்துவிடும். செங்குத்துக் கரையில் எதிர்காற்று இல்லாத நாள் லூருக்கு, கூட்டம் வெளியே தள்ளி ஓடும் நாள் கனமான கோர்வைக்கு.

நேரத்தைப் பொறுத்தவரை மூன்றுக்கும் ஒரே கணக்கு. விடியலும் அந்தியும், ஏற்றநீர் உச்சத்தை நெருங்கும் இரண்டு மணி நேரமும் நல்லவை. இரண்டும் ஒன்றாக விழும் நாள் கிடைத்தால் விடாதீர்கள். கடல் கலங்கியிருந்தால் வீட்டிலேயே இருக்கலாம். கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன் இது, சேற்று நீரில் இரையைக் காணாது. கரைநோக்கி அடித்த காற்று ஓய்ந்து இரண்டு மூன்று நாள் கடல் தெளிந்தபின் போவது நல்லது. பறவைகள் ஒரே இடத்தில் பாய்கின்றனவா, நீர்மட்டத்தில் குட்டி மீன்கள் தெறிக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தெறிப்பின் நடுவே எறிவதைவிட அதைத் தாண்டி எறிந்து ஊடே இழுத்து வருவது கூட்டத்தைக் கலைக்காது.

எத்தனை மீன் தாங்கும்?

முறையைத் தேர்வு செய்யும்போது யாரும் யோசிக்காத ஒன்று பனிக்கட்டி. கானாங்கெளுத்தி கெடும் விதம் தனி. அதன் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். வெயிலில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்துவிடும் அந்த நச்சுணவுக்கு இந்த மீன் குடும்பத்தின் பெயரையே வைத்து ஸ்காம்பிராய்டு என்கிறார்கள். உருவான ஹிஸ்டமின் சமைத்தாலும் போகாது, உறைய வைத்தாலும் போகாது. மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாமல் போகலாம். செய்யக்கூடியது, மீனைப் பிடித்தவுடன் கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, உடனே குளிரவைப்பது. வெறும் பனிக்கட்டி மேல் வைப்பதைவிடப் பனிக்கட்டியும் கடல்நீரும் கலந்த குழம்பில் அமிழ்த்தினால் மிக வேகமாகக் குளிரும். 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறவிடாமல் வீடு கொண்டு சேர்க்க வேண்டும்.

ஆறு முள் கோர்வையால் கால் மணி நேரத்தில் இருபது மீன் குவிந்துவிடலாம். அவற்றைக் கழற்றி, கொன்று, இரத்தம் வடித்து, குளிர்விக்க உங்களிடம் கையும் பெட்டியும் இருக்கிறதா? இல்லையென்றால் கூடுதல் முட்கள் கூடுதல் வீண்தான். ஒற்றை லூரில் ஒவ்வொன்றாக வரும் மீனை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள நேரம் இருக்கும், போதும் என்ற இடத்தில் நிறுத்தவும் எளிது. குறைந்தபட்ச அளவு, நாளொன்றுக்கான எண்ணிக்கை, மீன்பிடி அனுமதி இவை கடலுக்குக் கடல் மாறும். போகும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதை முதலில் வாங்குவது?

ஒரே ஒரு ராடு வாங்கும் எண்ணம் என்றால் 9 அடி, 15 முதல் 45 கிராம் வரை எறியக்கூடியது. இதில் லூர் எறியலாம், தக்கை போடலாம், 40 கிராம் ஈயத்தோடு மூன்று முள் சபிக்கியைப் பாலத்திலிருந்து இறக்கலாம். முடியாதது ஒன்றுதான்: 100 கிராம் ஈயத்தோடு கோர்வையை வெகுதூரம் எறிவது. அதற்குத் தனி ராடும் தனி ரீலும் தடித்த லீடரும் வேண்டும். தொடங்கும் ஆண்டில் அந்தச் செலவு தேவையில்லை, அடிக்கடி போகும் கரையில் கூட்டம் எப்போதும் எட்டாத தூரத்தில்தான் ஓடுகிறது என்று தெரிந்தபின் யோசிக்கலாம். பையில் 20, 30, 40 கிராமில் ஒவ்வொரு லூர், பாதியாக வெட்டிய சபிக்கி இரண்டு, ஒரு தக்கை, இடுக்கி, கத்தி. கடல் அட்லாண்டிக் இனத்துடையது என்றால் லூரை முதலில் கட்டுங்கள், இந்திய இனத்துடையது என்றால் சபிக்கியை. அரை மணி நேரம் கடி இல்லையென்றால் கருவியை மாற்றுவதற்கு முன் ஆழத்தை மாற்றுங்கள், அப்புறம் நிற்கும் இடத்தை, கடைசியாகக் கருவியை.